ஆற்றங்கரையில் டென்ட் போட எந்தப் பூங்கா? வட கலிஃபோர்னியாவில் நான்கு இடங்கள்

சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கத்துக் குடும்பங்களில் வசந்தம் வந்ததுமே இந்தப் பேச்சும் வந்துவிடும். பெரிய மரங்கள் வேண்டும், பக்கத்தில் ஆறு ஓட வேண்டும், டென்ட் போட்டுத் தங்க வேண்டும், அந்த இடத்துக்கென்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்க வேண்டும். எங்கே போகலாம்? கேட்டால் பெரும்பாலும் நான்கு பெயர்கள் பதிலாக வரும்: ஹென்றி கௌவெல், சாமுவேல் டெய்லர், ஃபைஃபர் பிக் சர், ஹம்போல்ட் ரெட்வுட்ஸ். நான்கும் கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்கள். நான்கிலும் ரெட்வுட் மரங்கள் உண்டு, ஓடும் நீர் உண்டு, கேம்ப்சைட் உண்டு. படங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் எது எதென்று பிரித்துச் சொல்வதே கஷ்டம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று இரவு ஒதுக்க முடியும் என்றால் ஹம்போல்ட், அதில் யோசிக்கவே வேண்டாம். ஒரே இரவுதான், அதுவும் வீட்டில் யாருக்கும் டென்ட் பழக்கமில்லை என்றால் சாமுவேல் டெய்லர். ஒரு பகல் போய்விட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்றால் ஹென்றி கௌவெல். பிக் சர் பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. காரணத்தை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

பலர் மர உயரத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்கிறார்கள். அது சரியான அளவுகோல் இல்லை. 270 அடி மரத்தின் அடியில் நின்றாலும் 350 அடி மரத்தின் அடியில் நின்றாலும் கழுத்து ஒரே மாதிரிதான் வலிக்கும். பார்க்க வேண்டியது இரண்டு விஷயங்கள். நீங்கள் போகிற மாதத்தில் அந்த ஆறு எப்படி இருக்கும்? கையில் எத்தனை இரவு இருக்கிறது?

வீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது ஹென்றி கௌவெல். சான் ஹோசேயிலிருந்து 17ஆம் நெடுஞ்சாலையில் மலையேறி இறங்கினால் ஃபெல்டன் என்ற சின்ன ஊர், அதை ஒட்டிப் பூங்கா. சான் லொரென்சோ ஆறு உள்ளே வளைந்து ஓடுகிறது. வெட்டுப்படாத பழைய மரங்கள் உள்ள தோப்பு சுமார் 40 ஏக்கர்தான். அதைச் சுற்றிவரும் பாதை ஒரு மைல்கூட இல்லை, சமதளம், ஸ்ட்ரோலர் தள்ளிக்கொண்டே போகலாம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், முழங்கால் வலி இருக்கிறது என்றால் நான்கில் இதுதான் வசதி. பக்கத்திலேயே ரோரிங் கேம்ப் நீராவி ரயில் ஓடுவதால் பிள்ளைகளைச் சமாளிப்பதும் சுலபம்.

இந்தத் தோப்பின் கதை சுவாரசியமானது. 1867இல் ஜோசஃப் வெல்ச் என்பவர் இதை வாங்கி, மரம் வெட்டாமல் உல்லாச விடுதி நடத்தினார். ரயிலில் வந்து இறங்கிய கூட்டம் காசு கொடுத்து மரம் பார்த்தது. 1900இல் ஆண்ட்ரூ ஹில் என்ற புகைப்படக்காரர் இங்கே படமெடுத்தபோது, அனுமதியில்லாமல் எடுத்தாய் என்று விடுதித் தரப்பு சண்டைக்கு வந்தது. இத்தனை வயதான மரத்தைப் படமெடுக்க ஒருவரிடம் கைகட்டி நிற்க வேண்டுமா என்று ஹில்லுக்குக் கோபம். அந்தக் கோபத்திலிருந்து அதே ஆண்டு, ரெட்வுட் காடுகளைக் காக்க செம்பர்வைரன்ஸ் கிளப் பிறந்தது. அவர்கள் போராடியதில் 1902இல் பிக் பேசின் காடு மாநிலத்தின் கைக்கு வந்தது. சண்டை தொடங்கிய தோப்போ மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் தனியார் சொத்தாகவே இருந்து, 1930இல்தான் கவுண்டி பூங்காவானது. 1954இல் சாமுவேல் கௌவெல் தன் தந்தை ஹென்றியின் பெயரில் 1,600 ஏக்கருக்கு மேல் கொடுக்க, இரண்டும் சேர்ந்து மாநிலப் பூங்கா ஆயிற்று. ஹென்றி கௌவெல் சுண்ணாம்பு வியாபாரி. சூளைகளுக்கு விறகாகவே சுற்றுமலைகளின் மரங்கள் ஏராளமாகப் போயின. அந்தச் சூளைகளின் இடிபாடுகளை ஃபால் க்ரீக் பகுதியில் இன்றும் பார்க்கலாம். காட்டை எரித்த பணத்தின் வாரிசு காட்டைத் தானம் செய்தார் என்று பலகையில் யாரும் எழுதி வைக்கவில்லை, நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஆனால் கேம்பிங் என்று வரும்போது இந்தப் பூங்கா இறங்கிவிடுகிறது. கேம்ப்சைட்டுகள் ஆற்றங்கரையில் இல்லை. பழைய தோப்பிலிருந்து சில மைல் தள்ளி, கிரஹாம் ஹில் சாலையில், மணல் மேட்டில் இருக்கின்றன. பைனும் ஓக்கும் நிறைந்த வறண்ட காடு அது. அழகில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் ஆற்றுச் சத்தத்தில் தூங்கலாம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம். பகலில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சாமுவேல் டெய்லர் இதற்கு நேர் எதிர். மரின் கவுண்டியில், சான் ரஃபேலிலிருந்து மேற்கே சுமார் 15 மைல். சர் ஃபிரான்சிஸ் டிரேக் சாலையில் போய்க்கொண்டே இருக்கும்போது சட்டென்று வெளிச்சம் குறையும், போனில் சிக்னல் போகும். வந்துவிட்டோம் என்று அர்த்தம். இங்கே இருப்பது ஆறு இல்லை, லகுனிடாஸ் க்ரீக் என்ற ஓடை. ஆனால் கேம்ப்சைட் ஓடையை ஒட்டியே இருக்கிறது. மரங்கள் பெரும்பாலும் இரண்டாம் தலைமுறை. வெட்டப்பட்ட பழைய அடிமரத்தைச் சுற்றி வட்டமாக முளைத்து உயர்ந்தவை.

தங்கம் தோண்ட வந்து, கிடைத்த பணத்தில் இங்கே நிலம் வாங்கிய சாமுவேல் டெய்லர் 1856இல் பசிஃபிக் கரையின் முதல் காகித ஆலையைக் கட்டினார். மரக்கூழில் இல்லை, சான் ஃபிரான்சிஸ்கோவின் கந்தல் துணியில் காகிதம் செய்தார்கள். அந்த நகரத்துப் பத்திரிகைகள் இந்த ஓடைத் தண்ணீரில் பிறந்த காகிதத்தில்தான் அச்சாயின. 1870களில் ரயில் பாதை வந்ததும் டெய்லர் ஆலைக்குப் பக்கத்திலேயே விடுதியும் முகாமும் தொடங்கினார். பொழுதுபோக்குக்காகக் கூடாரம் போட்டுத் தங்குவது என்பதை அமெரிக்காவில் முதன்முதலில் கொண்டுவந்த இடங்களில் இதுவும் ஒன்று. ஆக, நீங்கள் இங்கே டென்ட் அடிக்கும்போது சுமார் 150 வருட வழக்கத்தைத் தொடர்கிறீர்கள். ஆலை 1916இல் எரிந்தது. ரயில் போன தடம் இப்போது சைக்கிள் பாதை, மேடு பள்ளமில்லாமல் நிழலிலேயே ஓடும். ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியவில்லை.

குளிர்காலத்தில் இந்த ஓடையில் கோஹோ சால்மன் கடலிலிருந்து முட்டையிட ஏறி வரும். மேலே அணை கட்டியதில் அவற்றின் பாதை பாதியாகக் குறுகிவிட்டது, மிச்சமிருக்கும் ஓடையில் இன்னும் வருகின்றன. டிசம்பர், ஜனவரியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பொறுமையாகக் கரையில் நின்றால் பார்க்க வாய்ப்புண்டு. கோடையில் நீச்சலுக்கு என்று இங்கே போகாதீர்கள். கால் நனைக்கலாம், அவ்வளவுதான்.

முதல் முறை போகிறவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய இன்னொரு காரணமும் உண்டு. டென்ட் சரிப்படாவிட்டாலோ, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டில் இருக்கலாம். சில சின்ன மர கேபின்களும் இங்கே வாடகைக்கு உண்டு. டென்ட் என்றாலே முகம் சுளிக்கிற ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பாரே, அவரைச் சம்மதிக்க வைக்க கேபின் போதும்.

அடுத்து பிக் சர். கார்மெலிலிருந்து தெற்கே 26 மைல், ஒன்றாம் நெடுஞ்சாலை. வழியே பாதிச் சுகம். பூங்காவுக்குள் பிக் சர் ஆறு, கரை நெடுக கேம்ப்சைட், தெளிந்த குளிர்ந்த தண்ணீர், பாறைகளுக்கு நடுவே கார்ஜ் என்ற இடத்தில் குளம் குளமாகத் தேங்கி நிற்கும். வானத்தில் காண்டர் கழுகு தெரிந்தாலும் தெரியும். ஃபைஃபர் குடும்பம் 1869இல் இங்கே வந்து குடியேறியது. 1930இல் லாஸ் ஏஞ்சலிஸ் மனைவணிகர் ஒருவர் ஜான் ஃபைஃபரிடம் அவருடைய நிலத்துக்கு 2,10,000 டாலர் தருவதாகச் சொன்னார். மனை போட்டு விற்கும் திட்டம். ஃபைஃபர் மறுத்துவிட்டு, 1933இல் சுமார் 700 ஏக்கரை மாநிலத்துக்கு விற்றார். அந்த ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல் இல்லாவிட்டால் இன்று அங்கே வேலி போட்ட பங்களாக்கள்தான் இருந்திருக்கும்.

பிறகு என்ன தயக்கம்? முதலாவது, சாலை. கைதிகளின் உழைப்பையும் சேர்த்து வெட்டி 1937இல் திறந்த இந்த மலைச்சாலையில், கனமழை வந்தால் எங்கேயாவது ஒரு சரிவு கடலில் இறங்கும். 2017இல் பூங்காவுக்குப் பக்கத்திலிருந்த ஃபைஃபர் கேன்யன் பாலமே சேதமாகி இடிக்கப்பட்டது. புதிய பாலம் திறக்கும்வரை பல மாதம் தெற்குப் பக்கம் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. தெற்கே போய் அப்படியே லாஸ் ஏஞ்சலிஸ் வழியாக வரலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் சாலை நிலவரம் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். இரண்டாவது, கூட்டம். கிட்டத்தட்ட 190 சைட், நெருக்கமாக. கோடை வார இறுதியில் பக்கத்து டென்ட்டில் யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்பது வரை கேட்கும். மூன்றாவது, இங்கே வருகிறவர்களுக்குக் காட்டில் மனம் நிற்பதில்லை. கடற்கரை, பாலம், அருவி என்று பகலெல்லாம் காரில்தான். போதாததற்கு, கடலில் விழும் மெக்வே அருவி இந்தப் பூங்காவில் இல்லை. அது தெற்கே இருக்கும் ஜூலியா ஃபைஃபர் பர்ன்ஸ் என்ற வேறு பூங்கா. பெயர்க் குழப்பத்தில் இங்கே நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு அருவி எங்கே என்று தேடுகிறவர்கள் உண்டு. கடலும் காடும் ஒரே நாளில் வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் சரியான இடம். காடு மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இல்லை.

சரி, ஹம்போல்ட்.

தூரம்தான் முதல் தடை, அதை மறைக்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே 101இல் நான்கு மணி நேரத்துக்கு மேல். சான் ஹோசேயிலிருந்து சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்தால் அரை நாள். ஒரே இரவுக்குப் போனால் போக வர காரில் உட்கார்ந்ததுதான் மிச்சம், அதனால்தான் மூன்று இரவு என்றேன். ஆனால் மற்ற மூன்றும் சேர்ந்தாலும் இதன் பரப்புக்குப் பக்கத்தில் வராது. 53,000 ஏக்கர், அதில் சுமார் 17,000 ஏக்கர் கோடாலி படாத பழைய காடு. புல் க்ரீக் ஓரத்து ராக்கஃபெல்லர் காடு மட்டுமே 10,000 ஏக்கர். தொடர்ச்சியாக மிஞ்சியிருக்கும் பழைய ரெட்வுட் காடுகளில் உலகிலேயே பெரியது. ஹென்றி கௌவெலின் 40 ஏக்கரை வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். அங்கே பழைய மரங்களைச் சுற்றிவிட்டு வருகிறோம். இங்கே மணிக்கணக்கில் நடந்தாலும் அவற்றுக்குள்ளேயேதான் இருக்கிறோம்.

பழைய 101 சாலைதான் இப்போது ‘அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ்’ என்ற 31 மைல் வழி. ஈல் ஆற்றின் தென்கிளை பெரும்பாலும் கூடவே வருகிறது. 1917இல் இந்தப் பக்கம் காரில் வந்த மூன்று பெரிய மனிதர்கள், சாலை போட்ட கையோடு மரங்கள் வெட்டப்படுவதைப் பார்த்துத் திகைத்து, அடுத்த ஆண்டு ‘சேவ் த ரெட்வுட்ஸ் லீக்’ அமைப்பைத் தொடங்கினார்கள். 1921இல் முதல் நினைவுத் தோப்பு வந்தது, பூங்கா அப்படித்தான் துளிர்த்தது. அந்த மூவரில் ஒருவரான மேடிசன் கிராண்ட் மரங்களைக் காப்பாற்றிய அதே கையால் இனவெறிக் கொள்கையும் எழுதியவர். இன்னும் வடக்கே ப்ரெய்ரி க்ரீக் பூங்காவில் இருந்த அவருடைய நினைவுக்கல்லை 2021இல் மாநிலமே அகற்றிவிட்டது. அதற்கும் முன்னால் இந்த ஆற்றங்கரை லோலாங்கோக் சிங்கியோன் மக்களுடையது. 1850களிலிருந்து வந்த குடியேறிகள் சில ஆண்டுகளுக்குள் அவர்களைக் கொன்றும் விரட்டியும் நிலத்தைக் காலி செய்தார்கள். ‘காப்பாற்றிய கதை’யை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

காப்பாற்றியவர்களிலும் எனக்குப் பிடித்தவர்கள் அந்தப் பெரிய மனிதர்கள் இல்லை, உள்ளூர்ப் பெண்கள். ஹம்போல்ட் கவுண்டிப் பெண்கள் தனியாக ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் தலைவி லாரா மஹான், 1924இல் டயர்வில் சமவெளியில் மரக் கம்பெனி ஆட்கள் சத்தமில்லாமல் வெட்டத் தொடங்கியது தெரிந்ததும் நேரே போய் அவர்கள் முன்னால் நின்றார். ஊர் முழுக்க விஷயம் பரவி, வேலை நின்றது. அவருக்கும் கணவருக்கும் ஃபவுண்டர்ஸ் குரோவ் பக்கம் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது, பாதையில் கொஞ்சம் விலகிப் போக வேண்டும், பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். கோடீஸ்வரர் ராக்கஃபெல்லர் கொடுத்த 20 லட்சம் டாலரில் பிறகு அந்தக் காடு வாங்கப்பட்டது. மாநிலப் பெண்கள் கிளப்புகளின் கூட்டமைப்பு வாங்கிய தோப்பில் நான்கு பக்கமும் அடுப்புள்ள ஒரு கல் மண்டபம் நிற்கிறது. கட்டடக் கலைஞர் ஜூலியா மோர்கன் வடிவமைத்தது. மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

ஃபவுண்டர்ஸ் குரோவில் டயர்வில் ஜயன்ட் படுத்துக் கிடக்கிறது. ஏறத்தாழ 362 அடி உயரம் நின்ற மரம், 1991 மார்ச்சில் விழுந்தது. சத்தத்தைக் கேட்டவர்கள் ரயில் விபத்து என்று நினைத்தார்களாம். நின்றுகொண்டிருக்கிற மரத்தின் உயரம் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை, விழுந்து கிடக்கிறதன் ஓரமாக நுனிவரை நடந்து பார்த்தால்தான் தெரிகிறது. பிள்ளைகளை முதலில் இங்கே கூட்டிப் போங்கள். அப்புறம் வீயாட்டில் இருக்கும் பார்வையாளர் மையம். சார்லஸ் கெல்லாக் என்பவர் 1917இல் ஒரு ரெட்வுட் கட்டையைக் குடைந்து, லாரி சேஸிஸ் மேல் ஏற்றி, அதையே வீடாக வைத்து நாடு சுற்றினார். அந்த வண்டி அங்கே நிற்கிறது. இன்றைய கேம்பர் வேன்காரர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

ஆற்றுக்கு வருவோம். 1964 டிசம்பர் கிறிஸ்துமஸ் வெள்ளத்தில் ஈல் ஆறு ஸ்கோஷியா என்ற ஊரருகே விநாடிக்கு 7,52,000 கன அடி போனது. வீயாட் என்ற ஊரையே அடித்துப் போனது. அன்று தண்ணீர் நின்ற மட்டத்தைக் காட்டும் கம்பம் சாலையோரம் இருக்கிறது, அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அதற்கு ஒன்பது வருடம் முன்பு 1955 வெள்ளத்தில் புல் க்ரீக் கரையில் நூற்றுக்கணக்கான பெரிய ரெட்வுட்கள் விழுந்தன. மரங்கள் பூங்காவுக்குள் பத்திரமாக இருந்தன, மேலே இருந்த மலைச்சரிவு தனியாரிடம் இருந்தது. அங்கே மொட்டையடித்ததால் மழையில் மண்ணும் சரளையும் இறங்கி, ஓடை அகன்று, கரையை அரித்து, வேரைப் பறித்தது. தோப்பை மட்டும் வாங்கினால் தோப்பு பிழைக்காது என்று அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு மேல்நீர்ப்பிடிப்பையும் வாங்கிப் பூங்காவில் சேர்த்தார்கள். 53,000 ஏக்கர் என்ற அந்தப் பெரிய எண்ணுக்குப் பின்னால் இந்த வெள்ளக் கதை இருக்கிறது.

அதே ஆறு ஜூலையில் சரளைக் கரைகளுக்கு நடுவே பச்சையாக, இதமான சூட்டில் சாதுவாக ஓடும். பிள்ளைகளுக்கு நான்கு பூங்காக்களிலும் இறங்கி விளையாட ஏற்ற தண்ணீர் இதுதான். ஆனால் ஆகஸ்ட் பாதிக்கு மேல் நீர் வற்றிச் சூடானால் நச்சுப்பாசி படியலாம். கவுண்டி எச்சரிக்கைப் பலகை வைக்கும், குறிப்பாக நாய்களுக்கு ஆபத்து. ஆகவே ஆற்றுக்காகப் போகிறவர்கள் ஜூன் நடுவிலிருந்து ஜூலை முடிவுக்குள் போய்விடுங்கள். நடப்பதற்காக என்றால் செப்டம்பர் நல்லது, கூட்டமும் குறைவு. குளிர்காலம் மழைக்காலம், ஆற்றைத் தாண்ட வைக்கும் கோடைகால நடைப்பாலங்களையும் எடுத்துவிடுவார்கள்.

எந்த கேம்ப்? பர்லிங்டன் வருடம் முழுதும் திறந்திருக்கும், பார்வையாளர் மையத்துக்குப் பக்கம், வசதியானது, ஆனால் சாலையை ஒட்டியிருப்பதால் காலையில் வண்டிச் சத்தம் உண்டு. ஆல்பி க்ரீக் கோடையில் மட்டும்தான். பழைய பண்ணை இருந்த இடம், ஆப்பிள் மரங்கள் மிச்சமிருக்கின்றன, ராக்கஃபெல்லர் காட்டுக்கு நடந்துபோகும் தூரம். இரண்டும் கிடைத்தால் நான் ஆல்பியைத்தான் எடுப்பேன், ஈல் ஆற்றுக்குக் காரில் போக வேண்டியிருந்தாலும். இங்கே கருங்கரடி உண்டு. தோசை மாவு, ஊறுகாய், பற்பசை உட்பட வாசனை வருகிற எதையும் டென்ட்டில் வைக்காமல் இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும். மற்ற மூன்றிலும் கரடி பயத்தைவிட ரக்கூன் தொல்லைதான் அதிகம். கூலரின் மூடியைத் திறக்க அதற்குத் தெரியும். மூன்று இலைக் கொத்தாக வரும் பாய்சன் ஓக் நான்கிலும் இருக்கிறது, பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

முன்பதிவு ரிசர்வ் கலிஃபோர்னியா தளத்தில். தங்கப் போகும் தேதிக்கு ஆறு மாதம் முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கும். பிக் சரின் கோடைச் சனிக்கிழமைகள் நிமிடங்களில் போய்விடும். ஹம்போல்ட் அவ்வளவு வேகமாக நிரம்புவதில்லை, தூரம் நமக்குச் செய்யும் ஒரே உதவி அது. இரவுக்கு ஏறத்தாழ 35 டாலரிலிருந்து தொடங்கும். பொதுவாக ஒரு சைட்டுக்கு எட்டுப் பேர் வரை, எனவே இரண்டு குடும்பம் என்றால் பக்கத்துப் பக்கத்து எண்ணாகச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். விறகை வீட்டிலிருந்து கொண்டு போகாதீர்கள், அதோடு பூச்சியும் நோயும் காட்டுக்குள் போகும். அங்கேயே விற்பார்கள். கீழே விழுந்த கிளையைப் பொறுக்கவும் அனுமதி இல்லை. காட்டுத்தீ காலத்தில் அடுப்பு மூட்டவே தடை வரலாம், ஆகவே கேஸ் ஸ்டவ் ஒன்று கையில் இருக்கட்டும். ஜூலை நாலாம் தேதி லாங் வீக்கெண்டை நினைத்திருக்கிறவர்கள் ஜனவரி முதல் வாரத்துக்கு இப்போதே போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.